ஒரு பெட்டிக்குள் இரண்டு ராசா

பிலோமி வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இரண்டு ராசாக்கள் இருந்தார்கள். ஒருவர் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற மண் ராசா. மற்றவர், தவக்காலத்துக்கு முன் வேஷம் கட்டி ஆடுகிற கார்னிவலில் ஊரே விளையாட்டாகக் கும்பிடும் ராசாவுக்குப் போடுகிற அட்டை முகமூடி.

கிறிஸ்துமஸ் அன்று பிலோமி மண் ராசாவைக் குடிலின் கோடியில் வைப்பாள். தினமும் கொஞ்சம் நகர்த்துவாள். பிறந்த பாலனைக் கும்பிட்ட மூன்று ராசாக்கள் திருநாளன்றுதான் அவர் பாலன் முன்னால் போய்ச் சேருவார். அன்று சாயங்காலமே குடிலைக் கலைத்துவிடுவாள். அன்றைக்கே கார்னிவல் தொடங்குவதால், அவர் பெட்டிக்குள் போக முகமூடி வெளியே வரும்.

இந்த வருஷமும் அப்படித்தான். மண் ராசாவின் காலடியில் குடிலின் வைக்கோல் கொஞ்சம் ஒட்டி வந்து பெட்டிக்குள் கிடந்தது.

“அதில் எனக்கும் கொஞ்சம் தாருமேன்” என்றது முகமூடி.

“ஊரே உம்மைக் கும்பிடுது. நான் கும்பிடப் போனவன். இது எனக்குத்தான்” என்றார் மண் ராசா.

பெட்டி மூடியது. வைக்கோல் வாசனையில் மண் ராசா கனவு கண்டுகொண்டே கிடந்தார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், கார்னிவல் முடிந்து முகமூடி பெட்டிக்குத் திரும்பியது. அதன் கிரீடத்தில் புழுதி.

“கும்பிட்டார்களா?”

“சிரித்துச் சிரித்துக் கும்பிட்டார்கள். ஒரு கைக்குழந்தை மட்டும் என்னைப் பார்த்து மிரண்டு அழுதது. என்னைப் போட்டிருந்தவன் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் மண்டியிட்டான். என் கிரீடம் தரையில் பட்டது. குழந்தை சிரித்துவிட்டது.”

மண் ராசா மெல்ல நகர்ந்து, வைக்கோல் கிடந்த பக்கத்தை முகமூடிக்கு விட்டுக்கொடுத்தார்.