பச்சைப் பாத்தி

விதைப் பண்ணையில் மீசைக்காரரும் அவருடைய சம்பந்தியும் எலியும் பூனையும்தான். ஆளுக்கொரு கம்பு ரகம் உருவாக்கியிருந்தார்கள். இன்று அதில் ஒன்றுதான் தேறும்.

"தண்ணி பாய்ச்சின வயல்ல ரெண்டும் சமம். காயவிட்ட வயல்தான் முடிவு சொல்லணும்" என்றபடி தேர்வாளர் அம்மா வரப்பிலிருந்து இறங்கினார்.

மீசைக்காரர் பெயர்ப்பலகை நின்ற பாத்தி பச்சைப் பசேலென்றிருந்தது. சம்பந்தியின் பாத்தி சருகாய்க் கிடந்தது.

"கண்ணைத் திறந்து பாருங்க சம்பந்தி. உங்க ரகம் அடுப்பெரிக்கத்தான் ஆகும்!"

"வாயை அளந்து பேசுங்க. பொண்ணைக் கொடுத்த பாவத்துக்குப் பொறுத்துக்கிட்டிருக்கேன்."

தேர்வாளர் இரண்டு பாத்தியிலும் கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினார். பச்சைக் கதிர் பதராய்ப் பறந்தது. சருகுக் கதிரில் மணிகள் கனத்துத் தங்கின.

"இலையில என்ன இருக்கு? ஈரம் இருக்கும்போதே இது மணி முத்திடுச்சு. காய்ஞ்சதுதான் ஜெயிச்சது!"

"அடுப்பெரிக்க எடுத்துட்டுப் போகட்டுமா, சம்பந்தி?"

மீசைக்காரர் தன் பெயர்ப்பலகையையே வெறித்துப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பச்சையைப் பார்த்து மயங்கி, விடியுமுன் இரண்டு பலகைகளையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டவர் அவர்தான்.