காய்ந்த கொடி

பிச்சையம்மாள் தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

“எந்திரி ஆத்தா. எனக்குச் சேர வேண்டியதத்தான கேக்குறேன்” என்றான் கூத்தையா. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நடந்ததற்கே அவனுக்கு மூச்சு இரைத்தது.

“உனக்குன்னு இதுல ஒண்ணும் இல்லப்பா.”

சொத்துத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். கூத்தையா கேட்டது ஒரு தாயத்தை. பிள்ளைக்குக் காய்ந்து விழும் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிவிடுவதும், வளர்ந்த பிறகு கழற்றிப் பத்திரப்படுத்துவதும் முதுகுளத்தூர்ப் பக்கம் வழக்கம்தான்.

பங்குனியில் அவனுக்கு மாரடைப்பு வந்தது. இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டெம் செல்லை வைத்துச் செத்த தசையைச் சரிசெய்ய முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, தொப்புள்கொடியிலிருந்துகூட அதை எடுக்கிறார்கள் என்று இன்று காலை அவர் பேச்சுவாக்கில் சொன்னார். இவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வயது நாற்பத்தொன்று, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். சாக அவனுக்கு மனசே இல்லை.

மனைவி மாலதி தலையில் அடித்துக்கொண்டாள். “அது அப்பத்தான் பிறந்த பிள்ளையோட பச்சைக் கொடி. காஞ்ச கொடியில உசிரு இருக்காதுன்னு டாக்டரு சொன்னாருல்ல?”

“போன வருசத்து வத்தல உடைச்சு விதைச்சா முளைக்குதுல்ல? அம்புட்டு வெயில்ல காஞ்ச மிளகா முளைக்கும், என் கொடி முளைக்காதா?”

மிளகாய் போடுகிறவனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது.

கடைசியில் பிச்சையம்மாள் எழுந்தாள். பெட்டியைத் திறந்து, சிவப்பு நூல் சுற்றிய ஒரு தாயத்தை எடுத்து நீட்டினாள்.

கூத்தையா நூலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். “இது தம்பி முனீஸ்வரனோடதுல்ல?”

“உன் தம்பியோடதுதானப்பா. கொண்டு போயிக் குடு.”

“திருப்பூர்ல கல்லுக்குண்டாட்டம் இருக்கவன் கொடி எனக்கு எதுக்கு? என்னோடது எங்க?”

அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தொலைஞ்சு போச்சு.”

கிழிந்த ரேஷன் கார்டைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷி அவள். தம்பி பிறந்த கதையைக் கேட்டால் ஆவணி மாதம், ரோகிணி நட்சத்திரம், ஆடு பட்டி அடையும் நேரம், வலி எடுத்தது கிணற்றடியில் என்று ஒன்று விடாமல் சொல்வாள். கூத்தையா பிறந்ததைக் கேட்டால் மட்டும், “இலங்கையில கலவரமாகி அக்கரைச் சனம் தோணியில மண்டபத்துக்கு வந்து இறங்குன வருசம்” என்பதோடு சரி.

இத்தனை நாள் அதை மறதி என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். இப்போது நெஞ்சு எரிந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான் போலிருக்கிறது.

“அய்யா போனதுக்கப்புறம் உன்னைய வச்சுப் பாத்தது நானா, அவனா? உன் கண்ணு ஆபரேஷனுக்கு அவன் எட்டிப் பாத்தானா? அவன் கொடிய நூல் சுத்திப் பொத்தி வச்சிருக்க. என்னோடதக் குப்பையில போட்டுட்ட. நான் செத்தாலும் உனக்கு ஒண்ணும் இல்ல, அப்படித்தான?”

பிச்சையம்மாள் தம்பியின் தாயத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். ‘இல்லை’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவனுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

“பிள்ளைகளக் கூப்பிடு மாலதி. உங்கப்பன் வீட்டுக்குப் போவோம்” என்று செருப்பைத் தேடினான். “இன்னையோட எனக்கு ஆத்தா இல்ல.”

பிச்சையம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அய்யா செத்த அன்றுகூட அழாதவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அவன் உதறப் பார்த்தான். அவள் விடவில்லை.

“மண்டபத்துல உன்னைய நான் கையில வாங்கும்போதே உனக்கு ஆறு மாசம்யா.”