பலாப்பழத்துக்கு ஒரு டிக்கெட்

"யோவ், மொதல்ல அதைக் கழட்டுய்யா!"

கண்டக்டர் அர்த்தனாரி போட்ட சத்தத்தில், செம்மேட்டில் ஏறிய கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு பஸ்ஸே குலுங்கச் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? மூன்றாவது சீட்டில் வேட்டி சட்டையோடு ஒரு ஆள். கழுத்துக்கு மேலே ஆளைக் காணோம், பலாப்பழம்தான் இருந்தது. முகமெல்லாம் பச்சை முள், பிளந்த வாயில் பல்லுக்குப் பதில் மஞ்சள் சுளை, உச்சியில் காம்பு வைத்த கிரீடம் வேறு.

"அப்பா இப்ப கழட்ட முடியாதுங்கண்ணா," என்றாள் பக்கத்தில் இருந்த தேன்மொழி. காலேஜ் படிக்கிற பெண். விரலெல்லாம் பெயிண்ட். "இன்னும் காயலைங்க. மடியில வச்சா வளைவுல முள்ளெல்லாம் நசுங்கிரும். தலையில இருந்தாத்தான் வடிவம் நிக்கும்."

"எதுக்கும்மா இந்தக் கூத்து?"

"சேலத்துல காஸ்ப்ளே போட்டிங்க. நாமளா ஒரு ஆளைக் கற்பனை பண்ணி, அந்த மாதிரி வேசம் கட்டி மேடை ஏறணும். நான் பலாமுக ராட்சசி. பழைய ஹெல்மெட்டு மேல போம் ஷீட்டை ஒட்டி, முள்ளு மட்டும் ஆயிரத்து நூறு வெட்டினேனுங்க. பதினோரு மணிக்குப் போட்டி."

"மேடை ஏறப்போறது நீ. உங்கப்பன் எதுக்கு இப்பவே ராட்சசி ஆயிட்டாரு?"

மறுபடியும் சிரிப்பு. தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து பதில் சொல்லுய்யா!"

"அப்பா பேசக் கூடாதுங்க. பேசுனா தாடை ஒட்டு விட்டுரும்."

அர்த்தனாரிக்கு வந்ததே கோபம்! மனுஷர் சமவெளிக்காரர். மூன்று வருஷமாக மலை டூட்டி. ஒவ்வொரு வளைவுக்கும் வயிற்றைப் புரட்டும், சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வண்டி ஏற மாட்டார். டிரான்ஸ்பர் கேட்டு எழுதி எழுதிப் பேனாதான் தேய்ந்தது.

"பொண்ணு கஷ்டப்பட்டுச் செஞ்சதைப் புடுங்கி மாட்டிக்கிட்டு படம் காட்டுறான் பாருங்க. இவனெல்லாம் ஒரு அப்பன்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பஸ் இறங்க ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட, பலாப்பழம் மேலும் கீழும் ஆடியது.

எதிர் சீட்டில் மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னாயி நிமிர்ந்தாள்.

"ஏஞ்சாமி, மௌன விரதமா?"

இன்னொரு பள்ளம். பலாப்பழம் தலையாட்டியது.

"எங்க வெள்ளாடு காணாமப் போயி மூணு நாளாச்சு. திரும்பி வந்துருமா?"

டிரைவர் பிரேக் போட்டார். தலை நன்றாகக் குனிந்து நிமிர்ந்தது.

"வந்துருமாம்!" பொன்னாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அது வேசமுங்க!" தேன்மொழி பதறினாள்.

"இருக்கட்டும் கண்ணு. வேசத்துல சாமி எறங்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். சிரித்த வாயெல்லாம் கப்சிப். ஒருத்தர் போர்வெல்லில் தண்ணி வருமா என்றார். ஒருத்தி மாப்பிள்ளை அமையுமா என்றாள். எல்லோருக்கும் ரோடுதான் பதில் சொன்னது. பள்ளம் வந்தால் ஆமாம், வளைவு வந்தால் இல்லை. கொல்லிமலை ரோட்டில் பாவம், போர்வெல்காரருக்கு வரிசையாக மூன்று வளைவு.

பின் சீட்டு ஆள் ஒருவர் பிரசாதமாக ஒரு முள்ளைப் பிடுங்கக் கை நீட்டினார். தேன்மொழி "ஐயோ!" என்று பாதி எழுந்தாள். ஆனால் அதற்குள் பலாப்பழத்தின் கை பாய்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"சாமிக்குக் கோவம் வந்துருச்சு!"

"யாரும் தொடாதீங்க, தள்ளி நில்லுங்க!" என்று கூட்டத்தை விரட்டியது வேறு யாருமில்லை, நம்ம அர்த்தனாரிதான். தேன்மொழி டப்பாவைத் திறந்து, விரல் பட்ட இடத்தில் பிரஷ்ஷால் பச்சையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். பெயிண்ட் டப்பாவைக் கூட அவரே பிடித்துக்கொண்டார்.

கூட்டம் விலகியதும் பலாப்பழத்தின் காதோரம் குனிந்தார். காது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கிரீடத்திடம்தான் கேட்டார்.

"டிரான்ஸ்பர் கெடைச்சிருமாங்க?"

பெரிய பள்ளம். தலை மூன்று தடவை ஆடியது. அர்த்தனாரி தன் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பலாப்பழத்தின் காலடியில் பயபக்தியோடு வைத்தார்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வந்தது. இனி நேர் ரோடு. தேன்மொழி ஒரு முள்ளை மெல்லத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சுங்கப்பா!" என்றாள். பிரஷ்ஷைக் கழுவத் தண்ணீர் தேடிக் கீழே இறங்கினாள்.

ஆள் பலாப்பழத்தைக் கழற்றினார். உள்ளே வியர்வையில் குளித்து, காதெல்லாம் பச்சையாக, சென்றாயன். வாரா வாரம் இதே பஸ்ஸில் மிளகு மூட்டை ஏற்றும் சென்றாயன்!

அர்த்தனாரிக்கு முகம் சிவந்துபோனது. எலுமிச்சம்பழத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நீதானாய்யா? பஸ்ஸையே முட்டாளாக்கிட்டியே! தலையிலதான் இருக்கணும்னா அந்தப் புள்ள தலையில இருந்துட்டுப் போகுது. உனக்கு எதுக்கு இந்த ஆசை? வெக்கமா இல்ல?"

சென்றாயன் மகள் கீழே நிற்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போன வருசம் நண்டுத் தலை செஞ்சு அவதானுங்க மாட்டிட்டு ஏறுனா. மூடியிருந்ததால உங்களுக்கு முகம் தெரிஞ்சிருக்காது. நீங்க மொதல்ல சிரிச்சீங்க, அப்புறம் பஸ்ஸே சிரிச்சுது. நாலாவது வளைவுல எறங்கி, அழுதுகிட்டே ஊட்டுக்கு நடந்து வந்துட்டா... இந்தத் தடவை சிரிக்கறதை எல்லாம் எம்மேலயே சிரிச்சு முடிச்சுக்கட்டும்னுதானுங்க மாட்டிக்கிட்டேன்."