துடைத்த நெற்றிகள்

"நெத்தியக் காட்டு."

உடை மாற்றும் அறைக்கு அவசரமாக வந்து முதல் ஆளாகத் தலைமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்ட விரிவுரையாளர் காமினி, ஐந்து மாணவர்களின் நெற்றியையும் ஈரத்துணியால் தானே அழுத்தித் துடைத்தாள். பவுடர், பொட்டு, திருநீறு எதுவும் கூடாது. சிப் செய்யும் கிளீன் ரூமுக்குள் கொஞ்சம் தூசி போனாலும் தூசியை அளக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

"போன ரெண்டு பேட்ச்லயும் ஒருத்தருக்கும் வேலை கிடைக்கல. இன்னிக்கு டெஸ்ட்லயும் கோட்டை விட்டா, இந்த ஃபேக்டரி நம்ம காலேஜ் பக்கமே வராது லா."

மாணவர்களும் உடை மாட்டினார்கள். கண்கள் மட்டும் தெரிய, ஆறு பேரும் உள்ளே போனார்கள்.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு சான்ஸ் குடுங்க சார்," என்று காமினி கெஞ்சிப் பார்த்தாள். ஆள் எடுக்க வந்த ஃபேக்டரி அதிகாரி கையை விரித்துவிட்டார்.

உடை மாற்றும் அறைக்குத் திரும்பியதும் அவள் மாணவர்களை வரிசையாக நிறுத்தினாள்.

"யாரு கோயிலுக்குப் போனது? தனுஜா, நீயா?"

"இல்ல மிஸ். நீங்க சொன்னதிலேருந்து நான் பொட்டே வைக்கிறதில்ல."

தனுஜா தலைமூடியைக் கழற்றிக் காட்டினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். ஐந்து நெற்றிகளும் துடைத்துவிட்டாற்போல் இருந்தன.

"அப்போ எங்கேருந்துதான் வந்துச்சு?"

காமினி தன் தலைமூடியை இழுத்து வீசினாள்.

மாணவர்கள் அவளையே பார்த்தார்கள். அவர்களில் லோகேஸ்வரன் தயங்கித் தயங்கிச் சுவரிலிருந்த கண்ணாடியைக் காட்டினான்.

காலையில் தண்ணீர்மலைக் கோயிலில் முருகனுக்கு ஐந்து பேர் பெயரிலும் அர்ச்சனை செய்து பூசிக்கொண்ட திருநீறு, பாதி உதிர்ந்து, இன்னும் அவள் நெற்றியில் இருந்தது.