இடக்கையில் வில்

நீள மேசையின் தலைமாட்டில் ஆசிரியர். அவருக்கு வலப்பக்கம் விளம்பரப் பிரிவு அம்மாள். எதிரே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பிழை திருத்துபவர். கதவோரம், கால் ஆடும் நாற்காலியில், அட்டை வடிவமைப்பவர்.

நடுவில் அந்த மாத இசை இதழ். அட்டையில் ஒரு பெண் கண்ணை மூடி வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். நிறம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. எழுத்து எடுப்பு. கடையில் தொங்கினால் போகிற ஆள் நின்று பார்ப்பான்.

“லீவு முடிஞ்சு வந்த கையோட கலக்கிட்டீங்கண்ணே!” என்றாள் விளம்பரப் பிரிவு அம்மாள்.

அட்டை வடிவமைப்பவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் தப்பைக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

தலைப்புக்கு இடம் பண்ணுவதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார். வில் இடக்கைக்குப் போய்விட்டது. அச்சாகி வந்த பிறகுதான் அவர் கண்ணிலேயே பட்டது.

முழுப் பூசணிக்காய் மேசை நடுவில் கிடந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

ஆசிரியர் வாசகர் கடிதக் கட்டைத் தட்டினார்.

“ஒரு குறை வரல, பாத்தீங்களா? நம்ம கண்கொத்திப் பாம்புக்கே வாயடைச்சுப் போச்சு!”

“அது புத்துக்குள்ள போயிருச்சு சார்,” என்றார் பிழை திருத்துபவர்.

மேசையே சிரித்தது. அட்டை வடிவமைப்பவரும் சிரித்தார். சிரிக்காமல் எப்படி இருப்பது?

கண்கொத்திப் பாம்பு என்பது மாதம் தவறாமல் எழுதும் ஒரு வாசகி. பெயர் கிடையாது, முகவரி கிடையாது. அட்டையில் புல்லாங்குழலுக்கு ஒரு துளை குறைந்தால் போதும், அட்டை போட்டவரைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள்.

அவள் அவருடைய மனைவி என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவீர்கள், ஆபீசுக்கு வந்தால் நாலு பேர் முன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்பாள். மாதா மாதம் கேட்டார். நாலு பேரோடு சேர்ந்து அவளைத் திட்டவும் திட்டினார். அதைச் சாயங்காலம் அவளிடமே சொல்லி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

போன மாதம் மாலையோடு வீட்டுக்கு வந்தவர்கள்தான் இந்த மூன்று பேரும். பிழை திருத்துபவர் அவரைக் கட்டிக்கொண்டு அழக்கூட அழுதார்.

வராது என்று தெரிந்தும், இதழ் வெளியான நாளிலிருந்து தபால் வரும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்து அறை காலியானது. அவர் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு தாளை எடுத்தார்.

‘ஐயா, வயலின்காரியின் வில்லை இடக்கைக்கு மாற்றிய மகானுக்குக் கண் பிடரியில் இருக்கிறதா?’

திட்டு சரியாகவே வந்தது. எழுத்தையும் அவளைப் போலச் சாய்த்தே எழுதினார்.

கடைசி வரியில் பேனா நின்றது. எல்லாக் கடிதங்களையும் அவள் ஒரே மாதிரிதான் முடிப்பாள்.

‘அடுத்த இதழையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.’

எழுதினார்.

மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினார். ஆசிரியருக்கு என்று முகவரி எழுதினார். படியிறங்கி, சாலையைக் கடந்து, தபால் பெட்டிக்குள் தள்ளினார்.