பால் மறக்கடித்தல்

தெசாங்கா தொழுவத்தில் மண்டியிட்டு, வெந்நீரில் குழைத்த தீவனத்தை ஒரு பன்றிக்குட்டியின் மூக்கில் தடவினாள்.

தும்மியது. நக்கியது. திரும்பவும் தாயின் மடிக்கே ஓடியது.

"பல்லு மொளச்சாச்சு, இன்னும் பால்தான் கேக்குதா தொரைக்கு?" என்று கதவில் சாய்ந்தபடி சிரித்தான் அவள் மகன் மிலோராத். நாற்பது தாண்டியவன். கையில் ரொட்டித் துண்டு. அம்மா அறுத்து, கொழுப்பு தடவி, உப்புத் தூவிக் கொடுத்தது.

இன்று காலை தாயைப் பிரித்தாக வேண்டும். அதற்குள் தட்டில் வாய்வைக்கப் பழகாத குட்டி, பிறகு பசியில் அள்ளி விழுங்கிக் கழிந்தே சாகும். போன வருஷம் பாதிக்குமேல் அப்படித்தான் புதைத்தோம்.

நான் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூலிக்காரனுக்குப் பாதி வேலை நிற்பதுதான்.

மிலோராத் யோசனைகளை வாரி வழங்கினான். சர்க்கரை போடு என்றான். விரலால் ஊட்டு என்றான். இன்னும் கொஞ்ச நாள் தாயிடமே விடு, பாவம் என்றான். குனிந்தது மட்டும் இல்லை.

"ஊட்டுனா வாயத் தொறந்துட்டே நிக்கும்டா. கிட்ட வச்சுட்டு நாம நகந்துடணும்," என்றாள் தெசாங்கா.

தட்டைக் குட்டிகள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து விலகினாள்.

ஒன்று வந்தது. மூக்கால் முட்டியது. காலை உள்ளே வைத்தது. அப்புறம் சப்புக்கொட்டும் சத்தம். அவ்வளவுதான், இவனுக்கு மட்டுமா என்று மற்றவையெல்லாம் பாய்ந்து வந்தன.

மிலோராத் தானே ஈன்று வளர்த்ததுபோல நிமிர்ந்தான். விரலில் ஒட்டிய கொழுப்பை நக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு உள்ளே போனான்.

எங்கள் பக்கம் குட்டிகளை இடம் மாற்றுவதில்லை. அவை பழகிய இடத்திலேயே இருக்கும். போக வேண்டியது தாய்தான்.

பலகையை எடுத்தேன். தாய்ப்பன்றி திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

தெசாங்கா இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்துக் கதவு ஆணியில் மாட்டினாள். மக்காச்சோளக் கதிர் சேர்க்கும் கொட்டகைக்குப் பின்னால் விடியலிலேயே நான் ஒளித்துவைத்த தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். வாசலில் வியன்னா போகும் வண்டி. அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சம்பளத்துக்கு.

அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழுவத்தில் குட்டிகள் தின்றுகொண்டிருந்தன. கத்தல் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

"அம்மா! ரொட்டிய யாரு அறுக்குறது?"

எட்டிப் பார்த்தேன். மேசைமேல் முழு ரொட்டி. பக்கத்தில் கத்தி.

கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வைத்திருந்தாள்.