இரண்டாவது பிராசசர்

“அக்கா, உங்ககிட்ட இருக்கிற பிராசசர எனக்குக் கொடுத்துருங்க. ஒத்தைய வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேட்டான் வந்தவன். பஞ்சாலை அப்போதுதான் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“முதல்ல பேரைச் சொல்லுங்க லா. அப்புறம் கேளுங்க.”

“வைரவன். சிரம்பான்ல கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெம்பாவ் தோட்டத்துல ஒரு வீட்டுல ரெண்டு பிராசசர் போடுற போர்டு இருக்கு, ஆனா ஒண்ணுதான் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்.”

உண்மைதான். அவள் கணவன் நல்லசாமி தோட்டத்துக் கல்யாணங்களை வீடியோ எடுத்தவன். கம்ப்யூட்டருக்கு இரண்டு மூளை இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஆசை ஆசையாக அந்தப் போர்டை வாங்கினான். இரண்டாவது பிராசசரைக் கேட்டபோதெல்லாம், “வரும், வரும்” என்றான். அது அவள் கண்ணில் படுவதற்குள் நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்ச் சேர்ந்தான். வெளியில் வாங்கிய மருந்துக்கெல்லாம் யாரிடமும் கை நீட்டாமல் எப்படிச் சமாளித்தான் என்பது அவளுக்கு இன்றும் தெரியாது.

அவளும் அப்படித்தான். கருமாதியன்று சிரம்பான் வீடியோக்காரர்கள் சேர்ந்து பணம் வைத்த ஓர் உறை கொண்டுவந்தபோது, “எனக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவள்.

இப்போது மந்தின் ஊரில் ஒரு கல்யாணத்தை அவளே கேமரா பிடித்து எடுத்து வந்திருந்தாள். ஒற்றைப் பிராசசரில் சொன்ன தேதிக்கு முடியாது. முடியாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். தோட்டத்துச் செம்பனை மரங்களுக்கு மருந்தடிக்கத்தான் போக வேண்டும்.

“உள்ள வாங்க. நீங்க வச்சிருக்கிறத முதல்ல காட்டுங்க.”

வைரவன் பையிலிருந்து டப்பா மாதிரி இருந்த இரண்டு கறுப்புப் பிராசசர்களை எடுத்து மேசையில் வைத்தான். “போன வாரம் கோலாலம்பூர்ல புதுசா வாங்கினது. ரெண்டும் ஒரே வேகம், முன்னூத்தம்பது. ஆனா ஒண்ணுக்கொண்ணு சேர மாட்டேங்குது. பாதி வேலையில கம்ப்யூட்டர் அப்படியே நின்னுருது.”

பஞ்சாலை உள்ளே போய்த் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதன் ஓரத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு. ரிப்பேர் கடையில் சாமானை மாற்றிவிடுவார்கள் என்று, வாங்குகிற எதிலும் அவளுடைய நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்துவிடுவான் நல்லசாமி. “என் பாட்டில்தான் கிடைச்சுதா?” என்று அவள் கத்துவாள்.

மூன்றையும் வரிசையாக வைத்து, மேலே அச்சடித்திருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“வேகம் ஒண்ணா இருந்தா போதுமா? கடைசியில இருக்கிற நம்பரப் பாருங்க. இது வேற சமயத்துல செஞ்சது, அதான் சேரல. ஆனா இந்த இன்னொண்ணு இருக்கே, என்னோடதுக்கும் இதுக்கும் ஒரு எழுத்துகூட மாறல.”

“அதுக்குத்தானே வந்தேன்! உங்களோடத என்கிட்ட கொடுத்துட்டு, சேராதத நீங்க வச்சுக்கங்க. ஒத்தையா ஓட்டுறதுக்கு எதா இருந்தா என்னக்கா?”

“அட, நல்லா இருக்கே நியாயம்! சேர்றது உங்களுக்கு, சேராதது எனக்கா? அதையே திருப்பிப் போடுங்க. சேர்றது இங்க இருக்கட்டும். சேராதத வச்சு நீங்க ஒத்தையா ஓட்டுங்க.”

“ஒத்தையில எப்படிக்கா?”

“நான் ஓட்டலயா?”

வைரவன் தன்னுடைய இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, “அதுக்காக சும்மா தூக்கிக் கொடுக்க முடியுமா?” என்றான்.

“சும்மா யாரு கேட்டா?” பஞ்சாலை உள்ளேயிருந்து கேமரா ஸ்டாண்டைத் தூக்கி வந்தாள். “எங்ககிட்ட ரெண்டு இருக்கு. ஜப்பான் சாமான். ஒரு கால் லேசா ஆடும், கம்பி சுத்திக்கங்க.”

“ஒரு பிராசசருக்கு ஆடுற ஸ்டாண்டா?”

“இந்த வீடியோ லைட்டையும் எடுத்துக்கங்க. பல்பு மட்டும் போயிருக்கு.”

“நொண்டி ஸ்டாண்டு, குருட்டு லைட்டு. நல்லா வருவீங்கக்கா!”

“பிடிக்கலன்னா கிளம்புங்க. மழை வருது.”

அவன் பெருமூச்சு விட்டான். சேராத பிராசசரைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டையும் லைட்டையும் மோட்டார் சைக்கிளில் கட்டினான். கிளம்பும்போது திரும்பி, “கம்ப்யூட்டர் கேஸோட பின்பக்க ஸ்குரூ ஒண்ணு மரை தேஞ்சது. பார்த்து முடுக்குங்க” என்றான்.

வாசல் பக்கம் உட்கார்ந்தபடியே, உள்ளறையில் இருக்கும் கேஸின் ஸ்குரூவையும் கவனித்துவிட்டானா? கெட்டிக்காரன்தான், ஆனால் பேரத்தில் சோணகிரி என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மந்தின் கல்யாணம் இனி சொன்ன தேதிக்கு முடிந்துவிடும். யார் தயவும் இல்லாமல், தானே பேசி ஜெயித்த பிராசசர். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஏதோ ஒரு கடையின் ஸ்டிக்கர், நேற்று ஒட்டியது போலப் பளபளவென்று இருந்தது. சூட்டில் பசை உருகி வழியுமே என்று நகத்தால் மெல்ல உரித்தாள்.

அதற்கு அடியில், அவளுடைய நெயில் பாலிஷில், நல்லசாமி வைத்த சிவப்புப் பொட்டு.